கடைவீட்டுப் பொய்க்கூரையில் கிடக்கும் கறுப்புக் கேபிள்

ஜார்ஜ் டவுனில் லெபு பாசார் பக்கமோ, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், லெபு அம்பாங் பக்கமோ பழைய கடைவீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பொய்க்கூரையைப் பிரித்தால், மின்வயருக்கும் டெலிபோன் வயருக்கும் நடுவில் வேறொரு கேபிள் தலைகாட்டுவது உண்டு. பென்சில் பருமனுக்குக் கொஞ்சம் குறைவு, கறுப்பு நிறம், நுனியில் அழுத்தித் திருகி மாட்டும் உலோகத் தலை. “பழைய டிவி ஏரியல் வயர்ண்ணே” என்று சொல்லி வயர்மேன் வெட்டிப் போட்டுவிடுவார். வெட்டலாம், தப்பில்லை. ஆனால் அது டிவி வயர் அல்ல, அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்த பழைய ஈதர்நெட் கேபிள். அலைக்குக் கேபிள் காட்டும் தடையில் டிவி வயர் 75 ஓம், இது 50 ஓம். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்ததால், இந்த 25 ஓம் வித்தியாசம் ஒரு காலத்தில் எத்தனையோ அலுவலகங்களின் வேலைநாளை முழுசாக விழுங்கியது.

ஈதர்நெட்டின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். 1980-இல் வெளியான முதல் விவரக்குறிப்பின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். 1995-இல் 100 மெகாபிட் தரநிலை வரும்வரை, பதினைந்து ஆண்டுகள், அந்த எண் அசையவில்லை. அதே பதினைந்து ஆண்டுகளில் கேபிள் இரண்டு முறை அடியோடு மாறியது. விரல் பருமன் மஞ்சள் கேபிள் போய்க் கறுப்புக் கேபிள் வந்தது. அதுவும் போய் டெலிபோன் வயரைப் போன்ற முறுக்குக் கம்பி வந்தது. முதல் மாற்றம் விலையால் வந்தது. இரண்டாவது, பழுது தேடுவதில் ஆட்கள் பட்ட பாட்டினால் வந்தது. இன்று நம் சுவரில் இருக்கும் சாக்கெட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது அந்த இரண்டாவது மாற்றம்தான்.

துளை போட்டு மாட்டிய மஞ்சள் கேபிள்

ஈதர்நெட் என்ற பெயர் 1973 மே 22 அன்று கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பில் வருகிறது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் கட்டிய முதல் வலையமைப்பு நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது. இந்த உடைந்த எண் அந்த ஆய்வகத்தின் ஆல்டோ கணினியின் கடிகாரத்திலிருந்து வந்தது: அதன் துடிப்பு 170 நானோவினாடி, இரண்டு துடிப்புக்கு ஒரு பிட்.

கருத்தின் வேர் ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது. அங்கே நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட்டில் எல்லா நிலையங்களும் ஒரே வானொலி அலைவரிசையில் பேசின. இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி கெட்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். மெட்காஃப் இதில் இரண்டு ஒழுங்குகளைச் சேர்த்தார். பேசுமுன் கேள், பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்டுக்கொண்டே இரு, மோதல் தெரிந்தால் உடனே நிறுத்து.

1980 செப்டம்பரில் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் விவரக்குறிப்பை வெளியிட்டன. மூன்றில் நடுவில் நிற்கும் இன்டெல் பினாங்குக்காரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவுக்கு வெளியே அது திறந்த முதல் தொழிற்சாலை 1972-இல் பாயான் லெப்பாஸில் எழுந்தது. சில்லுக்காரர் இந்தக் கூட்டில் இருந்தது முக்கியம். சில்லு மலிவாகாமல் எந்தத் தரநிலையும் கடைவீடு வரைக்கும் வந்து சேராது. அதே 1980-இல் தொடங்கிய, பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-யின் 802 தரநிலைக் குழு, 1983-இல் 802.3 என்ற எண்ணில் இதை ஏறக்குறைய அப்படியே ஏற்றுக்கொண்டது.

அந்தத் தரநிலையின் கேபிளுக்குப் பெயர் 10பேஸ்5. முதல் எண் வேகம், கடைசி எண் ஒரு துண்டின் அதிகபட்ச நீளம் நூறு மீட்டர்களில், அதாவது 500 மீட்டர். பருமன் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், மேலுறை பெரும்பாலும் மஞ்சள். 25 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைக்கக்கூடாது. அதனால் சுவரில் கேபிள் ஓடும் டிரங்கிங் குழாயின் மூலைகளில் அது படியாது. மேஜைக்குக் கொண்டுவர முடியாமல் கூரையிலேயே ஓடும். கணினியை இணைக்க வேண்டுமானால் ஓடும் கேபிளின் பக்கவாட்டில் துளை போடுவார்கள். தனிக் கருவியால் மேலுறையையும் வலைப்பின்னல் உறையையும் மட்டும் துளைத்து, நடுக்கம்பியைத் தொடுமுன் நிறுத்தி, ஊசி முனை உள்ள கவ்வியை இறுக்க வேண்டும். ஊசி நடுக்கம்பியைத் தொடும், பக்கத்துப் பற்கள் உறையைக் கடிக்கும். வலைப்பின்னலின் ஓர் இழை துளைக்குள் தங்கிப்போய் நடுக்கம்பியில் பட்டால் போதும், 500 மீட்டரும் ஊமை.

கேபிளில் 2.5 மீட்டருக்கு ஒரு கறுப்பு வளையம் அச்சிட்டிருப்பார்கள். துளை அந்த வளையத்தில்தான் போட வேண்டும். ஒரு துண்டில் நூறு துளைக்கு மேல் கூடாது. இது அழகுக்காகச் செய்ததல்ல. ஒவ்வொரு கவ்வியும் சிறிதளவு அலையைத் திருப்பி அனுப்பும். திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று ஒத்துச் சேர்ந்து பெரிதாகாதபடி கணக்குப் போட்டு வைத்த இடைவெளி அது. பல துண்டுகளை இணைத்து நீட்டும்போதும் இதே கணக்கு வரும். 23.4, 70.2, 117 மீட்டர் ஆகிய நீளங்களில் வெட்டச் சொன்னார்கள். இவை 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் அரை நீளத்தின் ஒற்றைப்படை மடங்குகள்.

துளையில் பொருத்திய, அலையை அனுப்பி வாங்கும் டிரான்சீவர் பெட்டியிலிருந்து கணினிக்கு 15 முனைக் கேபிள் இறங்கும், அதிகபட்சம் 50 மீட்டர். அந்த இணைப்பியில் திருகு கிடையாது, நழுவிப் பூட்டும் தகடு ஒன்றுதான். கனமான கேபிள் தொங்கும்போது தகடு நெகிழ்ந்து இணைப்புக் கழன்றுவிடும். அக்காலத்துப் பழுதுகளில் இந்தத் தகட்டுக்கும் பங்கு உண்டு.

64 பைட் எங்கிருந்து வந்தது

இன்றைய ஈதர்நெட்டிலும் ஒரு சட்டகம், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் செய்திப் பொட்டலம், 64 பைட்டுக்குக் குறையக்கூடாது. காரணம் அந்த மஞ்சள் கேபிளில் இருக்கிறது. ஒரு முனையில் இருப்பவர் பேசத் தொடங்கி, அந்த அலை மறுமுனையை எட்டும் கணத்தில் அங்குள்ளவரும் பேசினால் மோதல் நடக்கும். அந்தச் செய்தி முதல்வருக்குத் திரும்பி வந்து சேரும்வரை அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதியதே அவருக்குத் தெரியாது. ஐந்து துண்டுகள், நடுவில் அலையைப் புதுப்பித்து அனுப்பும் நான்கு ரிப்பீட்டர்கள், மொத்தம் 2,500 மீட்டர் என்று எல்லை வைத்து, போய்வரும் நேரத்துக்கு 51.2 மைக்ரோவினாடி ஒதுக்கினார்கள். 10 மெகாபிட் வேகத்தில் அது 512 பிட், அதாவது 64 பைட்.

இந்த எல்லையை மீறிக் கேபிளை நீட்டினால் எதுவும் உடனே நின்றுபோகாது. அதுதான் ஆபத்து. சிறிய செய்திகள் போகும், கோப்பு நகலெடுப்பு மட்டும் காரணமில்லாமல் ஊரும். ‘தாமத மோதல்’ என்ற எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் கேபிள் நீளத்தையும் ரிப்பீட்டர் எண்ணிக்கையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கறுப்புக் கேபிள்

மெட்காஃப் 1979-இல் தொடங்கிய த்ரீகாம் நிறுவனம், டிரான்சீவரைக் கணினிக்குள்ளிருக்கும் அட்டையிலேயே வைத்துவிட்டது. துளையும் இல்லை, இறங்கு கேபிளும் இல்லை. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைக் கணினிக்குக் கணினி கோத்துக்கொண்டே போகலாம். 1985-இல் இது 10பேஸ்2 என்ற பெயரில் தரநிலையானது. பெயர் 200 மீட்டர் என்றாலும் உண்மை எல்லை 185 மீட்டர். ஒரு துண்டில் 30 கணினி, இரண்டுக்கும் இடையில் குறைந்தது அரை மீட்டர். ‘சீப்பர்நெட்’ என்றே அதற்குச் செல்லப்பெயர்.

கடைவீட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இது பொருந்தியது. அகலம் ஆறேழு மீட்டர், ஆழம் முப்பது மீட்டருக்கும் மேல் என்று முன்பக்க அஞ்சடி நடைபாதையிலிருந்து பின்வாசல் வரை நீண்டு கிடக்கும் கட்டடத்தில் எட்டுக் கணினி என்று வையுங்கள். ஒரே சுவரோரம் கோத்துப்போனால் நாற்பது மீட்டர் கேபிள் போதும். ஒவ்வொரு மேஜைக்கும் தனிக் கேபிள் இழுத்தால் நூற்றைம்பது மீட்டரைத் தாண்டும், மேலே, அந்தக் கேபிள்கள் வந்து சேரும் ஹப் பெட்டி வேறு வாங்க வேண்டும். முறுக்குக் கம்பித் தரநிலை வந்த பிறகும் சிறிய கணக்கு அலுவலகங்களும் துணிக்கடைகளும் கறுப்புக் கேபிளை விடாததற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

ஆனால் ஒரு கணினியின் கேபிள் கழன்றால் எல்லாக் கணினிகளும் நின்றன. தீபாவளி சீரியல் விளக்குபோல என்று பலர் விளக்கினார்கள். விளைவு ஒன்றுதான், காரணம் வேறு. இங்கே கணினிகள் தொடராக இல்லை, பக்க இணைப்பில் இருக்கின்றன. உண்மையில் நடப்பது இது: கேபிளின் இரு முனைகளிலும் அலை திரும்பாமல் உறிஞ்சும் 50 ஓம் டெர்மினேட்டர் இருக்கும். பேசுகிற கணினிக்கு இரண்டும் பக்க இணைப்பாகத் தெரிவதால் அது காணும் சுமை 25 ஓம். சராசரி 41 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும்போது கேபிளில் ஏறக்குறைய 1 வோல்ட் நிற்கும். இருவர் பேசினால் அது 2 வோல்ட் ஆகும். ஒன்றரை வோல்ட்டைத் தாண்டினால் ‘மோதல்’ என்று எடுத்துக்கொள்ளும்படி அட்டையைச் செய்திருக்கிறார்கள். இப்போது கேபிள் நடுவில் அறுந்ததென்றால், ஒவ்வொரு பாதியிலும் ஒரே டெர்மினேட்டர். சுமை 50 ஓம், ஒருவர் மட்டும் பேசினாலே 2 வோல்ட். கணினி தன் குரலையே மோதல் என்று நினைத்து நிறுத்தும், பதினாறு முறை முயன்று கைவிடும். அறுந்த இடத்தில் அலையும் திரும்பி வரும். இப்படித்தான் இரண்டு பாதியும் ஒன்றாகச் சாகின்றன.

பழுதைத் தேட ஒரு மல்டிமீட்டரும் ஒரு உபரி டெர்மினேட்டரும் வேண்டும். கணினிகளை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு கணினியின் பின்னாலிருந்து, இரு பக்கக் கேபிளையும் அட்டையோடு சேர்க்கும் ‘டி’ (T) வடிவ இணைப்பியைக் கழற்றி அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். 25 ஓமை ஒட்டியோ, கேபிளின் சொந்தத் தடையால் சற்றுக் கூடவோ இருந்தால் கேபிள் நலம். 50 ஓம் என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது அல்லது ஒரு டெர்மினேட்டர் இல்லை. சுழியை ஒட்டி இருந்தால் எங்கோ உறை நடுக்கம்பியில் படுகிறது. இடத்தைப் பிடிக்கக் கேபிளைப் பாதியில் பிரித்து, உபரி டெர்மினேட்டரைப் போட்டு ஒரு பாதியைச் சோதிப்பார்கள். கெட்ட பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். முப்பது கணினிக்கு ஐந்து தடவை. ஐந்து தடவையும் மேஜைக்கு அடியில் தவழ வேண்டும், அதுவரை கடையில் யாரும் பில் போட முடியாது.

என்னென்ன கெடுத்தன என்றால், முதலிடம் மனிதக் கைக்கு. கணினியை நகர்த்துகிறவர் ‘டி’யை அட்டையிலிருந்து கழற்றாமல், ‘டி’யின் பக்கத்திலிருந்து கேபிளைக் கழற்றிவிடுவார். அடுத்தது, ‘டி’யை அட்டையில் நேராக மாட்டாமல் நடுவில் அரை மீட்டர்க் கேபிள் சேர்ப்பது, தொங்கும் அந்தக் கிளை அலையைத் திருப்பி அனுப்பும். மூன்றாவது நாம் தொடக்கத்தில் பார்த்த டிவி வயர். ஆர்ஜி-59 கேபிளில் ஒரு துண்டு நடுவில் நுழைந்தாலும் 50 ஓமும் 75 ஓமும் சேருமிடத்தில் எதிரொலி உண்டாகும். அருகருகே உள்ள கணினிகள் பேசிக்கொள்ளும், தூரத்தில் உள்ளவை தடுமாறும். நம் ஊர்க் காற்றின் ஈரமும், ஜார்ஜ் டவுன் என்றால் கடலுப்பும், கிரிம்ப் சரியாக விழாத இணைப்பியின் செப்பு வலையைப் பச்சை பூக்க வைத்துத் தடையை ஏற்றின. உறையை ஒரே ஓர் இடத்தில் மட்டும் பூமியோடு இணைக்க வேண்டும் என்ற விதியையும் மறந்தார்கள். ‘டி’யின் உலோகம் இரும்பு மேஜையில் பட்டால் இரண்டாவது பூமி இணைப்பு உண்டாகி, உறை வழியே வேண்டாத மின்னோட்டம் ஓடும். ரப்பர் மூடி அதற்காகத்தான் வந்தது.

கேபிள் நலமாக இருந்தும் இரண்டு கணினி ஒன்றையொன்று பார்க்காத நிலையும் உண்டு. மூன்று நிறுவனங்களின் விவரக்குறிப்பில் சட்டகத்தின் ஓரிடம் ‘வகை’யைச் சொல்லும்; 802.3-இல் அதே இடம் ‘நீள’த்தைச் சொன்னது. அக்காலத்துச் சேவையக மென்பொருளான நாவெல் நெட்வேரில் 3.11 பதிப்பு ஒரு வகைச் சட்டகத்தையும் 3.12 வேறொன்றையும் இயல்பாக வைத்திருந்ததால், சேவையகத்தைப் புதுப்பித்த மறுநாள் பழைய கணினிகளுக்கு அது காணாமல் போனது. கேபிளைக் குறை சொல்லி அதை மாற்றியவர்கள் வீண் செலவு செய்தார்கள். 1,536-க்குக் குறைந்த எண்ணை யாரும் வகையாகப் பயன்படுத்தாததால், இரண்டு முறையும் ஒரே கேபிளில் வாழ முடிந்தது. 1997-இல் தரநிலையே இரண்டையும் ஏற்றது.

ஆர்க்நெட்டும் டோக்கன் ரிங்கும்

ஈதர்நெட்டோடு போட்டியிட்ட இந்த இரண்டு வலையமைப்பு முறைகளும் தோற்றன என்பதால் மட்டமானவை என்று எண்ணக்கூடாது. டேட்டாபாயின்ட் நிறுவனம் 1970-களின் பின்பாதியில் கொண்டுவந்த ஆர்க்நெட் 2.5 மெகாபிட்தான் ஓடியது. ஆனால் ஹப்பிலிருந்து 600 மீட்டர் வரை எட்டியது, ஒரு கேபிள் அறுந்தால் ஒரு கணினிதான் போனது. அதன் கேபிள் 93 ஓம் ஆர்ஜி-62. ஐபிஎம் பெருங்கணினி முனையங்களும் அதையே பயன்படுத்தியதால் பல கட்டடங்களில் ஏற்கெனவே கிடந்தது. ஒவ்வோர் அட்டையிலும் எட்டு டிப் சுவிட்சால் எண் வைக்க வேண்டும். இருவருக்கு ஒரே எண் விழுந்தால் குழப்பம். கணினிகளை வளையமாக இணைத்த, ஐபிஎம் 1985-இல் அறிவித்த டோக்கன் ரிங் 4 மெகாபிட், 1989-இலிருந்து 16. உறையிட்ட 150 ஓம் கேபிள், ஆண் பெண் பேதமில்லாத பெரிய இணைப்பி, அட்டை தரும் மின்னழுத்தத்தால் திறக்கும் ரிலேக்கள் என்று எல்லாமே உறுதியான வேலைப்பாடு, எல்லாமே விலை. 16-இல் ஓடும் வளையத்தில் 4-க்கு வைத்த ஓர் அட்டை நுழைந்தால் வளையம் முழுதும் நின்றது.

எட்டுக் கம்பி

ஜெராக்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய சினாப்டிக்ஸ், 1987-இல் முறுக்குக் கம்பியில் 10 மெகாபிட்டை ஓட்டும் லாட்டிஸ்நெட்டை விற்கத் தொடங்கியது. 1990 செப்டம்பரில் 10பேஸ்-டி தரநிலையானது. 100 ஓம் கம்பி, ஹப்பிலிருந்து 100 மீட்டர். பின்னால் வந்த கட்டட வயரிங் தரநிலை அந்த நூறைச் சுவருக்குள் 90, சாக்கெட்டிலிருந்து கருவிக்குப் போகும் இரு முனைப் பேட்ச் கேபிள்களுக்கு 10 என்று பிரித்தது.

வேகம் அதே 10 மெகாபிட். கேபிள் செலவு கூடியது. ஆனாலும் இதுவே வென்றது. ஒரு கேபிள் கெட்டால் ஒரு மேஜைதான் நிற்கும். யாரும் பேசாத நேரத்திலும் இரு முனையும் ஏறக்குறைய 16 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அது வந்துகொண்டிருந்தால் ஹப்பில் பச்சை விளக்கு எரியும். முப்பதுக்கும் மேல் தொடர்ந்து மோதல் வரும் வாயிலை ஹப் தானே துண்டித்துவிடும். மேஜைக்கடியில் ஐந்து தடவை தவழ்ந்த வேலையை, அலமாரி முன் நின்று எந்த விளக்கு எரியவில்லை என்று பார்ப்பதோடு முடிக்கலாம். என் கணிப்பில் ஈதர்நெட்டின் முழு வரலாற்றிலும் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அந்தச் சிறிய விளக்குதான்.

எட்டு முனை இணைப்பியில் பயன்படுத்திய முனைகள் 1, 2, 3, 6. ஏன் 4, 5 இல்லை? டெலிபோன் எப்போதும் நடு இரண்டு கம்பிகளில் வரும். ஒரே சாக்கெட்டில் யாராவது தவறி டெலிபோன் இணைப்பை மாட்டினாலும், மணியடிக்கும் மின்னழுத்தம் கணினி அட்டையில் ஏறக்கூடாது என்று நடுவை விட்டுவைத்தார்கள். அதனால் இரண்டாவது இணை நடுவைத் தாண்டி 3-லும் 6-லும் உட்கார்ந்தது.

இந்தத் தாண்டலில்தான் இன்றும் பிழை நடக்கிறது. நிறங்களை 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுத்தடுத்த இணைகளாக இரு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கினால், எட்டு விளக்குச் சோதனைக் கருவியில் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் 3-ம் 6-ம் வெவ்வேறு முறுக்குகளில் இருப்பதால் பக்கத்துக் கம்பியின் சத்தம் உள்ளே கசியும். மூன்று மீட்டரில் வேலை செய்யும், நாற்பது மீட்டரில் பிழை குவியும். முறுக்கே இல்லாத தட்டை டெலிபோன் வயரைப் பேட்ச் கேபிளாகப் போட்டாலும் இதே கதி. சரியான வரிசை, 568பி முறையில்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. 568ஏ முறையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும். எதை எடுத்தாலும் இரு முனையும் ஒன்றாக இருக்க வேண்டும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது.

அதே 1990-இல் கல்பனா என்ற நிறுவனம் ஏழு வாயில் ஈதர்நெட் சுவிட்சைக் கொண்டுவந்தது. வினோத் பரத்வாஜ் அதன் நிறுவனர்களில் ஒருவர்; பெயர் அவர் மனைவியுடையது. ஒவ்வொரு வாயிலும் தனி வழியானதும், மோதலை எண்ணிப் போட்ட கணக்குகளுக்கு மெல்ல வேலையில்லாமல் போனது. 64 பைட் மட்டும் இருந்துவிட்டது. மலேசியாவில் அப்போது உள்ளே ஓடிய வேகத்துக்கும் வெளியே போன வேகத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்: அரசின் மிமோஸ் ஆய்வகம் நடத்திய இணையச் சேவையான ஜாரிங் 1992-இல் வெளிநாட்டோடு பேசிய செயற்கைக்கோள் இணைப்பு 64 கிலோபிட்.

கூரையில் கிடப்பதை என்ன செய்வது

மேலுறையின் அச்சைப் படியுங்கள். ஆர்ஜி-58, ஆர்ஜி-62 என்றிருந்தால் இனி வலையமைப்புக்கு உதவாது, கழற்றிச் செப்புக்குப் போடலாம். கேட் 3 (கேட் என்பது முறுக்குக் கம்பியின் தர எண்) என்றால் 10 மெகாபிட்டுக்கு மட்டும் உறுதி, டெலிபோனுக்கு வைத்துக்கொள்ளலாம். கேட் 5 என்றால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். 1999-இல் வந்த 1,000 மெகாபிட் தரநிலை அந்தக் கேபிளை மனதில் வைத்தே எழுதப்பட்டது. ஆனால் அது நான்கு இணையையும் கேட்கும். 1990-களில் பலர் செலவு குறைக்க ஒரே கேபிளின் இரண்டு இணையை ஒரு சாக்கெட்டுக்கும் மற்ற இரண்டை இன்னொன்றுக்கும் பிரித்தார்கள். அப்படிப்பட்ட கேபிளில் புதிய சுவிட்சை மாட்டினால், வேகம் பற்றிய பேச்சுவார்த்தை 1, 2, 3, 6 வழியே முடிந்து 1,000 என்று ஒப்புக்கொண்டு, பிறகு இணைப்பு எழாமல் விளக்கு அணைந்து அணைந்து எரியும். சாக்கெட்டின் மூடியைத் திறந்து எட்டுக் கம்பியும் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மறுபடி பதியுங்கள். பாதி நேரம் புதுக் கேபிளே தேவைப்படாது.

முன்கட்டடத்திலிருந்து பின்கட்டடத்துக்கோ பக்கத்துக் கடைக்கோ வெளியே போகும் செப்புக் கேபிளை மட்டும் எந்த வகையானாலும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு கட்டடத்துக்கும் பூமி இணைப்பு தனித்தனி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேரத்து இடி ஒன்று அருகில் விழுந்தால் இரண்டு பூமிக்கும் இடையே எழும் மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியே போய் இரு முனைச் சுவிட்சுகளையும் எரிக்கும். அங்கே கண்ணாடி இழைக் கேபிள் போட வேண்டும், அதுவும் உள்ளே எஃகுக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.